‘வந்தான்’ என்பதும் ‘வந்தார்’ என்பதும்

தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய சிறுகதைகள் சிலவற்றைச் சென்ற சில வாரங்களாக இரவு நேரங்களில் படித்து வந்தேன். பொழுதுபோக்காகத் தொடங்கியவன், இரண்டாவது கதையிலேயே பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டேன். கதையில் வருவோருள் யாருக்கு ‘வந்தார்’ கிடைக்கிறது, யாருக்கு ‘வந்தான்’ கிடைக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். நாள் முழுதும் செக்ரோல் புத்தகத்தோடு மாரடிக்கும் ஒரு கிராணியின் புத்தி வேறு எவ்வழி செல்லும்? முடிவில் தேறிய ஐந்தொகை இதுதான்: மானேஜர் வந்தார், டாக்டர் வந்தார், பள்ளி ஆசிரியர் வந்தார், கிராணிகூடப் பல இடங்களில் வந்தார். வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிக் கூன் விழுந்த கிழவன் மட்டும் வந்தான். அவன் மனைவி வந்தாள்.

கதாசிரியர்களைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. கதை முழுவதும் அந்தக் கிழவனுக்காகவே அவர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். அவனுடைய உழைப்பை உண்டு கொழுத்தவர்களைச் சாடுகிறார்கள். அவனுக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, நியாயம் இல்லை என்று பக்கம் பக்கமாக முறையிடுகிறார்கள். ஆயினும் தங்கள் கையாலேயே அவனுக்குக் கொடுத்திருக்கக்கூடிய ஓர் எழுத்தை, ‘ன்’ இருக்கும் இடத்தில் ஒரு ‘ர்’ரை, கொடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அதைத் தடுத்து நிறுத்திய முதலாளி எவரும் இல்லை.

இஃது அற்ப விஷயம் என்று தள்ளுவார் உளர். ஆங்கிலம் வழியாகக் கல்வி கற்றுப் பின்னர் தமிழை நானே தேடிப் படித்தவனாகையால், இது அற்பமாக எனக்குப் படவில்லை. ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட, கிழவனையும் கடலையும் பற்றிய சிறு நாவலை ஒரு விடுமுறையில் தமிழாக்க முயன்றேன். முதல் வாக்கியத்திலேயே கை நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் அந்த வலைஞருக்கும் கடைக்காரருக்கும் பிரதம மந்திரிக்கும் ஒரே பிரதிப்பெயர்தான். தமிழிலோ, அவரைக் ‘கிழவன்’ என்பதா ‘பெரியவர்’ என்பதா, ‘சென்றான்’ என்பதா ‘சென்றார்’ என்பதா என்று தீர்மானிக்காமல் ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க இயலாது. அவரிடம் உயிரை வைத்திருக்கும் அந்தச் சிறுவன் அவரை ‘நீ’ என்பானா, ‘நீங்கள்’ என்பானா? எண்பத்து நான்கு நாள் மீன் அகப்படாத ஓர் ஏழைக்கு மொழிபெயர்ப்பவன் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறான் என்பது, அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், வரிக்கு வரி வெளிப்பட்டே தீரும். ஆங்கில ஆசிரியன் தன் மனத்தை மூடி வைத்துக்கொள்ளலாம். தமிழ் ஆசிரியனுக்கு அந்த வசதி கிடையாது.

‘இது நம் மொழியின் இயல்பு, ஆதிமுதல் அப்படித்தான்’ என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. ஆதியை எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. புறநானூற்றில் ஔவையார், நெல்லிக்கனி கொடுத்த அதியமானை ஒருமையிலேயே வாழ்த்துகிறார். மரியாதை ‘பெரும’ என்னும் விளியில் இருக்கிறது, பிரதிப்பெயரில் இல்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கண்ணகியை ‘நீ’ என்று வினவுகிறான். அவளும் அரியணையில் இருப்பவனை ஒருமையிலேயே குற்றஞ்சாட்டுகிறாள். அவர்கள் அந்தஸ்தில் மலையும் மடுவும், சொல்லில் சமம். அந்தச் சமத்துவம் இல்லாவிட்டால் அந்த வழக்குரைக்கும் காட்சியே நின்றிருக்காது என்பது என் துணிபு. சீர்திருத்தக்காரர்களுக்குக் கம்பர்மேல் உள்ள வழக்கு எனக்குத் தெரியாததன்று; அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால் அவருடைய காவியத்தில் சக்கரவர்த்தித் திருமகனும் ஓடம் விடும் குகனும் ஒரே ‘ஆன்’ ஈற்றில்தான் நடக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒருவரைப் பன்மையால் சுட்டுவது அன்றும் பேச்சில் இருந்தது. தொல்காப்பியர் அதை அறிந்தே, உலக வழக்கில் உயர்த்திச் சொல்லும் முறை அது, இலக்கண நெறி அன்று என்று விலக்கி வைத்தார். ‘கள்’ என்னும் விகுதியையோ அவர் அஃறிணைக்கே உரியதாக்கினார். மரத்துக்கும் மாட்டுக்கும் இருந்த ‘கள்’தான் பிற்காலத்தில் ‘நீங்கள்’, ‘அவர்கள்’ என்று மனிதர்க்கு மாலையாக விழுந்தது என்பதை, மேடையில் ‘தலைவர் அவர்கள்’ என்று நாலு முறை விளிக்கப்பட்டு நெஞ்சு நிமிர்த்துவோர் அறிந்தால் நன்று. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் பாலும் திணையும் மாறி வரலாம் என்று நன்னூலார் பின்னர் இடங்கொடுத்தார். அவர் பட்டியலில் உயர்வும் இழிப்பும் ஒன்றாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். நாவல் என்னும் புது வடிவம் 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வழியாகத் தமிழுக்கு வந்தது. உரைநடை வீதிக்கு அருகில் வந்தபோது, வீதியில் நிலவிய அந்தஸ்து வரிசையும் கதை சொல்பவரின் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே இது மொழியின் பிறவிக் குணம் அன்று, இடையில் வந்தது.

இதையே ஆயுதமாகத் திருப்பிப் பிடித்தவர் புதுமைப்பித்தன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் அவர் ‘பிள்ளையவர்கள்’ என்று மரியாதையைத் தாராளமாகக் கொட்டும்போதே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ‘துன்பக்கேணி’யில் தேயிலைத் தோட்டத்து மருதியை அவர் ‘அவள்’ என்றே எழுதினார். அஃது என்னை உறுத்தவில்லை. ‘அவர்கள்’ என்னும் சொல்லுக்கே மதிப்பு வைக்காத ஒருவர் ‘அவள்’ என்றால் அதில் இழிவு தங்குவதில்லை. நான் பென்சில் பிடித்துப் படித்த கதைகளின் சங்கதி வேறு. அவற்றில் ‘வந்தார்’ உண்மையான மரியாதை. ஆகவே ‘வந்தான்’ உண்மையான மரியாதைக் குறைவு.

ஆங்கிலேயரிடமும் ஒரு காலத்தில் நம்மைப்போலவே ‘தௌ’, ‘யூ’ என்று இரண்டு இருந்தன. ‘தௌ’ ஒருமை, ‘யூ’ பன்மை, மரியாதை. 1603இல் சர் வால்டர் ராலி மீது நடந்த இராஜத்துரோக விசாரணையில், அரசாங்கத் தரப்பு வக்கீல் எட்வர்டு கோக், தாம் வேண்டுமென்றே ‘தௌ’ போட்டு அழைப்பதாகச் சொல்லியே அவரை அவமதித்தார். ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், எதிரியை வம்புக்கு இழுக்கக் கடிதம் எழுதுபவனுக்கு, மூன்று தடவை ‘தௌ’ போடு, கெட்டுவிடாது என்று ஒரு குடிகாரப் பிரபு யோசனை சொல்கிறான். நம் ஊர்ச் சந்தைச் சண்டையில் ‘என்னடா, நீ நான்னு பேசறே’ என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பின்னர் ஜார்ஜ் பாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள், தெய்வத்தின் முன் எல்லாரும் சமம் என்று நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்துத் துன்பப்பட்டார்கள். எல்லாரையும் கீழே இறக்குவது அவர்கள் வழி. ஜனங்கள் அவ்வழி போகவில்லை. ‘யூ’வை எல்லாருக்கும் கொடுத்து, ‘தௌ’வை ஜெபத்துக்கும் செய்யுளுக்கும் விட்டுவிட்டார்கள். நாம் ‘ஆங்கிலத்தில் எல்லாம் நீதான்’ என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அங்கே எல்லாம் ‘நீங்கள்’தான்; அழிந்து போனது ‘நீ’.

ஆங்கிலம் படித்துவிட்டால் இந்தச் சமத்துவம் தானாக வந்துவிடும் என்று எண்ணவேண்டா. நானே அதற்குச் சாட்சி. மானேஜரிடம் ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு ஒரு ‘சார்’ வைத்துப் பேசிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, வரிசையில் நிற்கும் என் தந்தை வயதுள்ளவரிடம் ‘ஏன் நேத்து வேலைக்கு வரலே நீ?’ என்று தமிழில் கேட்டவன் நான். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே அரை நிமிஷம்கூட இருந்திருக்காது.

சீர்திருத்த இயக்கம் இந்த விஷயத்தைத் தொடாமல் இல்லை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களைக் களையச் சொன்னது. ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடிந்து 1932இன் இறுதியில் திரும்பிய பெரியார், ஸ்ரீ, ஸ்ரீமான், மகாராஜராஜஸ்ரீ எல்லாவற்றையும் விட்டுத் ‘தோழர்’ என்ற ஒரே சொல்லால் அழைத்துக்கொள்ளச் சொன்னார். 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசாங்கம் ஸ்ரீயை நீக்கித் ‘திரு’வை வைத்தது. இவை பெரிய காரியங்கள். ஆயினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: பெயரின் தலையைத் திருத்தினோம், வாலைத் திருத்தினோம், வினைச்சொல்லின் வாலைத் திருத்தவில்லை. ‘தோழர்’ என்று அழைத்த அதே வாய், மேடையிலிருந்து இறங்கியதும், தேநீர் கொண்டுவந்த பையனைப் பார்த்து ‘டேய், சீனி கொறைச்சலா ஒண்ணு போடுடா’ என்கிறது. வீட்டில் என்ன நடக்கிறது? என் மனைவி என்னை ‘நீங்கள்’ என்கிறாள். நான் ‘நீ’ என்கிறேன். ‘என்கிறாள்’ என்றே என் பேனா எழுதிவிட்டது. அடிக்காமல் விட்டுவைக்கிறேன், வாசகர் பார்க்கட்டும்.

இந்த நாட்டுத் தோட்டங்களில் இது வெறும் இலக்கண வழக்காக என்றுமே இருந்ததில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு, வைத்திய வசதி, குழந்தைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் முதலிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் வைத்தார்கள்: துரைமார் எதிரிலும் உத்தியோகஸ்தர் எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும் என்பது அது. அந்த உத்தியோகஸ்தர் வரிசையில் ஆசியர்களும் இருந்தார்கள். அதாவது கிராணிமார், என் இனத்தார். போராட்டத்தை நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அற்பக் கூலியில் அரை வயிறு உண்டவர்கள் சைக்கிளைப் பற்றி ஏன் கவலைப்பட்டார்கள் என்று கேட்பவர், ‘நீ’யையும் ‘நீங்க’ளையும் பற்றி நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றும் கேட்பார். வயிறு நிறைந்த பிறகு கேட்கவேண்டியது மானம் என்று அந்தத் தொழிலாளர்கள் நினைக்கவில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

இன்று தோட்டங்களில் பால்மரம் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. தமிழரும் குறைந்துவிட்டனர், பெரட்டில் நிற்போருள் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காள தேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். எங்கள் தோட்டத்தில் மண்டோர் தமிழர். ஆகையால் குலை வெட்ட வந்த வங்காள தேசத்து இளைஞர் ஒருவர் இரண்டு ஆண்டில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். ஒருநாள் மானேஜர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தபோது அவர் வந்து, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, ‘நீ எப்ப வந்தே? உள்ள போ, நான் வரேன்’ என்றார். மானேஜரும் தமிழர். அவர் முகம் சிவந்தது. மண்டோர் ஓடி வந்து, ‘யார்கிட்ட பேசறோம்னு தெரியலே? மரியாதை கெட்டவனே!’ என்று கையை ஓங்கினார். இளைஞருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாம் செய்த பிழை என்ன என்று பிற்பகலில் என்னிடம் வந்து கேட்டார்.

நான் என்ன சொல்வது? அவர் பிழையாக ஒன்றும் பேசவில்லை. இரண்டு ஆண்டில் அவர் காதில் விழுந்த தமிழ் ‘வா’, ‘போ’, ‘நீ’, ‘டேய்’ இவ்வளவுதான். ‘வாங்க’ என்று ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாது. அதை அவரிடம் யாரும் செலவழிக்கவில்லை. அவருடைய தாய்மொழியில் ‘ஆப்னி’, ‘துமி’, ‘துய்’ என்று மூன்று படி உண்டு என்றும், முன்பின் தெரியாத பெரியவரை ‘துய்’ என்றால் தம் ஊரில் அடிவிழும் என்றும் அவரே எனக்கு விளக்கினார். தமிழ் அப்படி இல்லை, அதில் எல்லாரும் ஒன்று என்று நினைத்தாராம். அது தமக்குப் பிடித்திருந்ததாம். நம் மொழிக்கு இப்படி ஒரு புகழ்ச்சியை வேறு எவர் வாயிலும் நான் கேட்டதில்லை. அதை மறுத்து, ‘இல்லை, எங்களிடமும் ‘ஆப்னி’ இருக்கிறது, உங்களுக்குத்தான் கொடுக்கவில்லை’ என்று சொல்லவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எழுத்தாளருக்கு வருவோம். நான் கேட்பதைத் தவறாகக் கொள்ளவேண்டா. பாத்திரங்களின் பேச்சைத் திருத்தச் சொல்லவில்லை. மண்டோர் ‘வாடா’ என்பவராயின் கதையிலும் ‘வாடா’ என்றே சொல்லட்டும். அதை மெழுகுவது பொய். யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி ஒருவர் கதையில் வந்தால், ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் நடுவில் நிற்கும் அவருடைய ‘நீர்’ அப்படியே வரட்டும்; இறங்காமலும் ஏறாமலும் ஆளை ஒரு கை தூரத்தில் நிறுத்தும் அந்தச் சொல்லின் சுவை வேறெதிலும் இல்லை. நான் கேட்பது கதை சொல்பவரின் சொந்தக் குரலைப் பற்றி. அந்தக் குரலுக்கு மண்டோரும் எஜமானர் அல்லர், மானேஜரும் எஜமானர் அல்லர். அங்கே ‘டாக்டர் வந்தார், கிழவன் வந்தான்’ என்று எழுதினால், அது தோட்டத்தின் வழக்கு அன்று, ஆசிரியரின் வழக்கு.

‘நீ’யை ஒழிக்கவும் நான் சொல்லவில்லை. தாயை ‘நீ’ என்கிறோம். உயிர்த் தோழனை ‘நீ’ என்கிறோம். அடியார்கள் இறைவனையே ‘நீ’ என்று பாடினார்கள். கிறிஸ்தவர்களின் தமிழ் வேதம் கடவுளை ‘நீர்’, ‘தேவரீர்’ என்று அழைப்பதைப் பார்த்து, ஆங்கில வேதத்தில் அதே கடவுள் ‘தௌ’ என்று அழைக்கப்படுவதையும் நினைத்து, எது நெருக்கம் என்று நான் பள்ளி நாட்களில் குழம்பியதுண்டு. பிரௌன், கில்மன் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் 1960இல் வெளியிட்ட ஒரு கட்டுரை அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. இருவரும் ஒருவர்க்கொருவர் ஒரே சொல்லைக் கொடுத்து வாங்கினால் அது நட்பு. ஒருவர் ஒன்று கொடுத்து வேறொன்று வாங்கினால் அது அதிகாரம் என்பது அவர்கள் கண்டது. ஆகவே சோதனை எளிது. நான் ‘நீ’ என்று அழைப்பவர் என்னைத் திருப்பி ‘நீ’ என்றால் என் முகம் சிவக்குமா, சிவக்காதா? கதையில் எல்லாரும் ‘வந்தான்’ என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, கம்பர் எழுதினார். எல்லாரும் ‘வந்தார்’ என்றாலும் சரி. பாதிப்பேர் வந்தார், பாதிப்பேர் வந்தான் என்றால், எந்தத் தராசில் நிறுத்தார் என்று ஆசிரியரைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

மேற்படி சம்பவத்துக்குப் பிறகு பெரட்டில் பேர் கூப்பிடும்போது எல்லாரையும் ‘வாங்க’ என்றே அழைப்பது என்று வைத்துக்கொண்டேன். மண்டோர் முதல் இரண்டு நாள் சிரித்தார். எங்கள் தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர், புல்வெட்டுக் கணக்கில் இருப்பவர், என் ‘நேத்து வேலைக்கு வரலே நீ’க்கு அன்று தலை குனிந்து நின்றவர், மூன்றாம் நாள் வரிசையில் முன்னால் வந்தார். ‘வாங்க ஐயா, கால் வலி தேவலையா?’ என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. தமக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்.